நான்காம் அத்தியாயம்: மீட்டரும் சிலிண்டரும்

சிக்கனமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் அடிபடுவது காபிதான். பால் அரை லிட்டர் குறையும், டிகாக்‌ஷன் தண்ணீராகும், மூன்றாம் நாள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பத்தாம் நாள் பழையபடி பால் வந்துவிடும். நாக்கிலும் தூக்கத்திலும் கைவைக்கிற சிக்கனம் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது என் அபிப்பிராயம். ஆகையால் இந்த அத்தியாயத்தில் யாருடைய தட்டிலிருந்தும் எதையும் எடுக்கப் போவதில்லை.

வாசலில் இருக்கும் மீட்டர், அடுப்படியில் இருக்கும் சிலிண்டர் இரண்டிலிருந்தும் தொடங்குவோம். காரணம், இரண்டையும் அளக்கலாம். மிச்சம் பிடித்தோமா இல்லையா என்பதில் மனதைச் சமாதானம் செய்துகொள்ள இடமில்லை, எண் சொல்லிவிடும். இங்கே வரும் மின்கட்டணக் கணக்கு தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கானது.

500 என்ற கோடு

நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 2016-லிருந்து வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் போச்சு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 500-ஐத் தாண்டியவுடன் பில் போடுகிற அட்டவணையே மாறிவிடுகிறது.

2022 செப்டம்பரில் அமலான விகிதத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 500 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, அடுத்த 200-க்கு ரூ. 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். பக்கத்து வீட்டில் 510 யூனிட் ஓடியிருக்கிறது. அவர்களுக்கு அந்த ரூ. 2.25 என்கிற படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே ரூ. 4.50. அதற்குமேல் 100 யூனிட் 6 ரூபாய், மிச்சம் 10 யூனிட் 8 ரூபாய். கூட்டினால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விகிதங்கள் காசுக் கணக்கில் ஏறியிருக்கின்றன. உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எந்தெந்த எண்ணில் படி ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே முதல் பழக்கம் இது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்களேன், மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துவையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்ட் என்று ஏதேதோ மாறி மாறி ஓடும். கே.டபிள்யூ.எச். என்ற எழுத்துகளோடு வருவதுதான் நமக்கு வேண்டிய எண். அதிலிருந்து, ரீடிங் எடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன எண்ணையோ கடைசி பில்லில் உள்ள எண்ணையோ கழித்தால் இதுவரை ஓடியது வந்துவிடும். 500-ஐ 60 நாளால் வகுத்தால் எட்டு சொச்சம். நாளுக்கு எட்டு யூனிட் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். முப்பதாம் நாள் 240-க்கு மேல் நின்றால் பிடியை இறுக்க இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. பில் வந்த பிறகு பார்த்துப் பெருமூச்சு விடுவதால் ஒன்றும் ஆகாது.

ரீடிங் எடுப்பவர் 60-ஆம் நாள் வராமல் 65-ஆம் நாள் வந்தால் அந்த ஐந்து நாள் ஓட்டமும் நம் கணக்கில்தான் சேரும். எட்டை எட்டரையாக விடாமல் ஏழரையில் நிறுத்தப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எது தின்கிறது?

நம் வீடுகளில் கிரைண்டர் மேல் ஒரு தீராத சந்தேகம் உண்டு. சத்தம் போடுகிறது, முக்கால் மணி நேரம் சுற்றுகிறது, கரண்டை எல்லாம் அதுதான் இழுக்கிறது என்று. வீட்டில் வைக்கும் டில்டிங் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவுதான். முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாது. சத்தமே போடாத கீசர் 2,000 வாட். அரை மணி நேரத்தில் ஒரு முழு யூனிட்டை முடித்துவிடும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். மேல் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு மாமி குரல் கொடுக்கிற வரைக்கும் மோட்டார் ஓடுகிற வீடுகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தண்ணீர் நிரம்பினால் தானே நிற்கிற கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை விட்டது.

ஃபேன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஃபேனைத் தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அது ஓய்வதே இல்லை. பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி எடுத்துக்கொள்கிறது; அதே ஓட்டத்துக்கு 29 யூனிட்தான். ஒரு ஃபேனில் 43 யூனிட் மிச்சம். ஹாலிலும் படுக்கையறையிலுமாக இரண்டை மாற்றினால் 86 யூனிட். 500-க்கும் 586-க்கும் நடுவில் தத்தளிக்கிற வீட்டுக்கு இது ஒன்றே போதும். விலை சாதாரண ஃபேனைவிட அதிகம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதிக நேரம் ஓடுகிற ஃபேன் எதுவோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேனுக்கு இந்தச் செலவு வீண். கடையில் வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் அது கட்டாயம்.

பழைய ஃபேனையே வைத்திருப்பவர்கள் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும். பெட்டி போலப் பெரிதாக, தொட்டால் சூடாக இருக்கும் பழைய ரகம் என்றால் வேகத்தைக் குறைத்தும் பெரிய லாபமில்லை. குறைந்த கரண்ட் அந்தப் பெட்டியிலேயே சூடாகிப் போகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சில நூறு ரூபாய்தான்.

ஃபிரிட்ஜுக்கு ஒரு சோதனை. கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள். நோட்டைப் பிடித்து இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். மேலே ஒரு இடம், பக்கவாட்டில் இரண்டு இடம், கீழே ஒரு இடம் பார்த்துவிடுங்கள். ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். மடிப்பில் படிந்த பிசுக்குத்தான் காரணமாக இருக்கும். ஆகவில்லையென்றால் மாற்றிவிடலாம். ஃபிரிட்ஜின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சுடச்சுட ரசத்தை உள்ளே வைக்காதீர்கள்.

ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க எட்டு மணி நேரம் தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்தில் அது ஒன்றே 500-ஐ நெருங்கிவிடும். கோடையில் 500-க்குள் நிற்பது அந்த வீடுகளுக்கு நடக்கிற காரியமில்லை. அடுத்த படியான 600-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் போதுமான குளிர் கிடைக்கும். ஃபில்டரைக் கழற்றி மாதம் ஒருமுறை குழாயில் காட்டிக் கழுவுவதற்கு மெக்கானிக் வேண்டாம்.

செட்டாப் பாக்ஸ், டி.வி., வைஃபை, சார்ஜர் எல்லாம் சில்லறை. ஊருக்குப் போகும்போது மெயினை அணைக்கச் சொல்லி நினைவூட்டுவதோடு அவற்றை விட்டுவிடலாம்.

கேஸா, கரண்டா?

இந்தக் கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே பதில் கிடையாது. உங்கள் மீட்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அதிலுள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் அடுப்புத் தீயில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறாமல் சமையலறையையும் சமைப்பவரையும்தான் சூடாக்குகிறது. மிஞ்சுவது 120. இண்டக்‌ஷன் அடுப்பிலும் கொஞ்சம் வீணாகும், என்றாலும் குறைவு. 140 யூனிட் செலவழித்தால் ஒரு சிலிண்டர் சமையலைச் செய்துவிடலாம். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை ரூ. 868.50. அதை 140-ஆல் வகுத்தால் ரூ. 6.20 வருகிறது.

நீங்கள் கூடுதலாக எரிக்கப் போகும் யூனிட் இந்த ஆறு ரூபாய் சொச்சத்துக்குக் கீழே கிடைத்தால் கரண்ட் மலிவு, மேலே போனால் கேஸ் மலிவு. இரண்டு மாதத்துக்கு 250, 300 யூனிட்டோடு நிற்கிற சின்னக் குடும்பம் பால் காய்ச்சுவது, டீ போடுவது, வெந்நீர் வைப்பதை எல்லாம் தைரியமாக இண்டக்‌ஷனுக்கு மாற்றலாம். ஏற்கெனவே 480-இல் நிற்பவர்கள் அதை வாங்கவே வேண்டாம். கேஸில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கரண்ட் பில்லில் கொடுத்துவிட்டு வருவீர்கள். வாடகை வீட்டில் இருந்து, வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கினாலும் அதே பதில்தான்.

அடுப்படி

புதுச் சிலிண்டர் மாட்டுகிற அன்று நாட்காட்டியில் தேதியைக் குறித்துவையுங்கள். தீர்ந்த அன்றும் குறியுங்கள். மூன்று சிலிண்டர் போனால் உங்கள் வீட்டுக்கு ஒன்று எத்தனை நாள் வரும் என்பது தெரிந்துவிடும். ஒருமுறை திடீரென்று ஒரு வாரம் முன்னதாகத் தீர்ந்தால் காரணம் தேட வேண்டியதுதான்: விருந்தாளியா, பர்னர் அடைப்பா, கசிவா, எடைக் குறைவா.

எடையை வாங்கும்போதே பார்த்துவிடலாம். மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளில் ஒன்றில் வெறும் சிலிண்டரின் எடை போட்டிருக்கும். 15.8 என்று இருந்தால் அதோடு 14.2 சேர்த்து 30 கிலோ வர வேண்டும். கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டால் எடுப்பார், கேட்கத்தான் வேண்டும். அதே பட்டைகளில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் கெடு கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். இது காசுக்காகச் சொல்வதல்ல.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றி ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் அவ்வளவும் விரயம். சின்ன டம்ளர் காபியைச் சுட வைக்கப் பெரிய பர்னரைப் பற்றவைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம்.

குக்கரில் நாம் விசிலை எண்ணுகிறோம். சத்தத்தால் பருப்பு வேகாது. முதல் விசில் வந்துவிட்டால் உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். சிம்மில் வைத்துவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்துக் காய்ச்சிய நீராவியை வெளியே அனுப்புவதுதான். துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்துப் போடுங்கள், புளியையும் தக்காளியையும் வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு வேக மறுக்கும். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட மறந்தவர்கள் அன்றைக்கு வேறு குழம்பு வைப்பதே மேல். அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பு, நடுவில் சாதம், மேலே காய் என்று ஒரே ஏற்றத்தில் முடிக்கலாம். இட்லிப் பானையின் அடித்தண்ணீர் பத்து நிமிடம் சும்மா கொதிக்கிறதே, அதில் நாலு உருளைக்கிழங்கைப் போட்டால் மசாலாவுக்கு முக்கால் வேலை முடிந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து காய்ச்சுவது பாட்டிகளுக்குத் தெரியாத பழக்கம். அவர்களுக்கு ஃபிரிட்ஜ் இல்லை.

கடையில் நிற்கும்போது

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். புளியை மாசி, பங்குனியில் புதுசு வரும்போது வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புத் தூவி ஜாடியில் அடைப்பது லாபம். மிளகாயும் அப்படியே. ஆனால் எண்ணெயைப் பெரிய டின்னாக வாங்கினால் கை தாராளமாகிவிடுகிறது. விலையில் பிடித்த மிச்சம் வாணலியில் கரைந்துவிடும். பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் இவற்றை மொத்தமாக வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல. சாஷே பாக்கெட்டைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அந்தப் போட்டியின் பலன், ஷாம்பூவில் பல சமயம் பாட்டிலைவிடச் சாஷே ஒரு மில்லிக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பாருங்கள்; ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சமையல் எண்ணெயில் இதை அவசியம் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதே உயரம், அதே அகலத்தில் அதைவிடக் குறைந்த அளவுள்ள பாக்கெட்டும் அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும், விலை நாலு ரூபாய் குறைவு என்று.

ரேஷன் கடைக்குப் போகக் கூச்சப்படுகிற வீடுகள் உண்டு. கார்டுக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் கிடைக்கிறது. வெளிச்சந்தையில் பருப்பு விற்கிற விலையில் இதை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. விலையில்லாமல் தருகிற புழுங்கல் அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லையென்றால் இட்லிக்கு ஊறப்போடுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். களைந்து கல் பார்த்துப் போட்டால் இட்லி நன்றாகவே வரும். பாக்கெட் மாவு வாங்கும் பழக்கம் அதோடு நின்றுபோகும்.

காய்கறிக்கு உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். 1999-இல் மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது; விலைப் பலகை எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு நல்லது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று பை நிறைய அள்ளி வந்து பாதியை அழுகவிட்டால் அதைவிட விலை உயர்ந்த காய் இல்லை. மூன்று நாளைக்குள் செய்வதை மட்டும் வாங்குங்கள். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை வெட்டி, பேப்பரில் சுற்றி வையுங்கள். பீர்க்கங்காய்த் தோலும் வாழைக்காய்த் தோலும் துவையலாகும், முள்ளங்கிக் கீரை பொரியலாகும், தர்பூசணியின் வெள்ளைச் சதை கூட்டுக்கு ஆகும், புளித்த மாவு பணியாரத்துக்கும் புளித்த தயிர் மோர்க்குழம்புக்கும் ஆகும். உங்கள் அம்மாவைக் கேட்டால் இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

மிச்சமான பணம் எங்கே?

இதையெல்லாம் செய்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பவர்கள் ஏராளம். பில்லில் 300 ரூபாய் குறைந்தது உண்மைதான். அது சம்பளக் கணக்கிலேயே கிடந்து வேறு எதிலோ கலந்து போயிருக்கும். பில் கட்டுகிற அன்றைக்கே போன பில்லுக்கும் இந்தப் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். மாதாமாதம் கட்டுவதென்றால் அஞ்சலக ஆர்.டி. இருக்கிறது. காலம் ஐந்து ஆண்டு. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். ஆதாரும் பான் கார்டும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு உரிய தபால் ஆபீசுக்குப் போங்கள்.